தறி நின்றால் கேட்ட தெரு

மதுரையில் புதிதாக ஒருவரோடு பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "எந்த ஏரியா?" அண்ணா நகர், கே.கே. நகர் என்று சொன்னால் பேச்சு அப்படியே மேலே போகும். செல்லூர் என்றால் கொஞ்சம் நிற்கும். "செல்லூரா..." என்று இழுத்துவிட்டு, எதிரில் இருப்பவர் நம்மை இன்னொரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார். ராத்திரி நேரத்தில் ஆட்டோக்காரர் வர யோசிப்பார். பெண் கொடுக்க யோசிப்பார்கள். தவணைக்கு டிவி வாங்கப் போனால், ரேஷன் கார்டில் விலாசத்தைப் பார்த்ததும் கடைக்காரர் உள்ளே போய் யாரையோ கலந்துகொண்டு வருவார். இந்தப் பார்வையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இப்போது நாங்கள் செல்லூரில் இல்லை. வடக்கே நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, ஆனையூர்ப் பக்கம் வீடு கட்டி வந்துவிட்டோம். இங்கே யாரும் என்னை அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சுமந்து நின்ற தெருதான் எனக்கு வேண்டியிருக்கிறது.

வைகையின் வடகரையில், கோரிப்பாளையத்துக்கும் தத்தனேரிக்கும் நடுவே கிடக்கிறது செல்லூர். தெற்கே ஆறு, வடக்கே கண்மாய், குறுக்கே ரயில் பாதை. 1889-இல் ஏ.வி. பாலம் திறந்தபோது மதுரை ஆற்றைத் தாண்டி வடக்கே வளரத் தொடங்கியது என்பார்கள். ஆனால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஊரே இல்லாமல் கிடக்கவில்லை. செல்லூரில் இருக்கும் திருவாப்புடையார் கோயில் 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய தலம். சிவனை வணங்காமல் சாப்பிடாத ராஜாவுக்காக, மந்திரி தரையில் ஓர் ஆப்பை அடித்துவைத்து, இதுதான் சுவாமி என்று காட்டினாராம். கும்பிட்டபோது அந்த ஆப்பே லிங்கமானது என்பது தலக்கதை. அவசரத்துக்கு அடித்த ஒரு முளைக்குச்சியில் சுவாமி வந்து உட்கார்ந்த ஊர் எங்களுடையது. அந்தக் கோயிலைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லோரும் வெட்டுக்குத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.

செல்லூருக்குள் அகிம்சாபுரம் இருக்கிறது. சுயராஜ்யபுரம் இருக்கிறது. பேர் வைத்தவர்கள் எந்தக் காலத்து ஆட்கள், எதைக் கனவு கண்டார்கள் என்பது அந்தப் பெயர்களிலேயே தெரிகிறது. கதரும் கைத்தறியும் விடுதலையும் ஒரே மூச்சில் பேசப்பட்ட காலம் அது. அந்த மூச்சு எங்கள் தெருவுக்குள் வந்து தறியாக இறங்கியது.

தறியைப் பற்றிச் சொல்லாமல் செல்லூரைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்துக்கொண்டே நெய்ய வேண்டும். முன்னறை முழுக்கத் தறிதான். பாவு ஓடும் நீளம், படமரம், விழுது, அச்சு, மேலே தொங்கும் கயிறுகள் எல்லாம் போக மிச்சமிருக்கும் இடுக்கில் அடுப்பு, துணிப்பெட்டி, சாமி படம், நாங்கள். சுவரோரம் ராட்டையைப் போட்டுக்கொண்டு அம்மா தார் சுற்றுவாள். நாடாவில் தார் தீரத் தீர அப்பாவின் கை தன்னால் பின்னால் நீளும். அம்மா அடுத்த தாரை வைப்பாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே வேண்டியதில்லை. துண்டுதான் எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது. ஊரெல்லாம் தோளில் போடுகிற, தலையில் கட்டுகிற, வேர்வை துடைக்கிற சாதாரணத் துண்டு.

வீட்டைத் தறி எடுத்துக்கொண்டதால் நாங்கள் தெருவுக்கு வந்தோம். இதைத்தான் வெளியூர்க்காரர்கள் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை. சாப்பாடு திண்ணையில். படிப்பு தெருவிளக்கில். தூக்கம் கோடையில் வாசலில் கயிற்றுக் கட்டிலிலும் பாயிலும். குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது, அப்பத்தாவுக்குத் தலை வாரிவிடுவது, அரிசி புடைப்பது, மருமகளை வைவது, வைத மருமகளைச் சமாதானப்படுத்துவது எல்லாமே தெருவில்தான். விடிகாலையில் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்து, தூரிகை போட்டு இழுத்து, ஆற வைக்க வேண்டும். அந்த நேரத்தில் சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். "பாவு கெடக்கு, சுத்திப் போங்கண்ணே" என்று ஒரு குரல் போதும். யாரும் முனகியதில்லை. அறுந்த இழையைப் பார்த்தால் போகிற போக்கில் குனிந்து முடிந்துவிட்டுப் போகிற ஆட்களும் இருந்தார்கள். யார் வீட்டுப் பாவு என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

இப்படி வாசலில் வாழ்ந்த ஜனங்களுக்குச் சண்டை போட மட்டும் தனியாக ஓர் அறை எங்கிருந்து வரும்? கே.கே. நகரில் புருஷன் பெண்டாட்டி சண்டை கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும். எங்களுக்கு அது தெருவில் நடந்தது. அண்ணன் தம்பி பாகத் தகராறு, சீட்டுப் பணத் தகராறு, குழாயடிச் சண்டை எல்லாம் பகிரங்கம். ரோட்டில் போகிறவர் அதைப் பார்த்துவிட்டுப் போய் ஊரில் சொன்னார். சொன்னது பேராகிவிட்டது. அதே ரோட்டில் அன்று சாயங்காலம், காலையில் சண்டை போட்ட வீட்டிலிருந்து இந்த வீட்டுக்குக் குழம்பு வந்ததைப் பார்க்க அவர் நிற்கவில்லை.

செல்லூர்க்காரர்கள் கத்திப் பேசுவார்கள் என்பது இன்னொரு பேர். ஆமாம், கத்தித்தான் பேசுவோம். தறிச் சத்தத்துக்கு மேலே எழும்பாத குரலால் எங்களுக்கு என்ன பிரயோசனம்? குழிக்குள் இருக்கிற அப்பாவிடம் வாசலில் நின்று சோறு வேண்டுமா என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து குரல் வர வேண்டும். அந்தக் குரலோடு நான் கல்லூரிக்குப் போனேன், வேலைக்குப் போனேன். "ஏன் சார் கோபமா?" என்று கேட்பார்கள். கோபமே இருக்காது. பின்னால் விசைத்தறி வந்தபோது குரல்கள் இன்னும் ஏறின.

ஆனால் கைத்தறிச் சத்தத்துக்குள் ஒரு காது இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஒவ்வொரு வீட்டுத் தறிக்கும் ஒரு நடை உண்டு. அப்பாவின் தறி நிதானம். எதிர்வீட்டுப் பெரியப்பா வேகமாக அடித்துவிட்டு நடுவில் பீடி பிடிக்க நிறுத்துவார். கோடி வீட்டு அக்கா தறியில் உட்கார்ந்தால் விடாமல் ஓடும். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும் யார் நெய்கிறார்கள், யார் எழுந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். வழக்கமில்லாத நேரத்தில் ஒரு தறி நின்றுவிட்டால் சற்று நேரத்தில் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். "என்ன மதினி, தறி நிக்குது? அண்ணனுக்கு மேலுக்கு முடியலையா?" நூல் இல்லையென்றால் இரண்டு சிட்டம் நூல் வரும். காய்ச்சலென்றால் கஞ்சி வரும். பணமில்லை என்றால், பணம் வராது, அவர்களிடமும் இருக்காது, ஆனால் எதிர்வீட்டுப் பெரியப்பா தன் தறியை நிறுத்திவிட்டு வந்து, அப்பாவுக்காக இரண்டு மணி நேரம் நெய்துவிட்டுப் போவார். ஒரு தறி நின்றதைக் கேட்டு ஒரு தெரு எழுந்து வந்தது. இப்படி ஒரு பாதுகாப்பை அதற்குப் பிறகு நான் எந்த ஊரிலும் பார்க்கவில்லை.

ராத்திரியிலும் அப்படித்தான். வாசலில் ஆண்கள் படுத்திருப்பார்கள். தெரியாத ஆள் தெருவுக்குள் நடந்து வந்தால் இருட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும்: "யாரு? யார் வீட்டுக்கு?" சிம்மக்கல்லிலிருந்து வழி தவறி வந்த ஆளுக்கு அது மிரட்டலாகக் கேட்டிருக்கும். செல்லூரில் இருட்டிலே மறித்துக் கேட்கிறார்கள் என்று போய்ச் சொல்லியும் இருப்பார். எங்கள் சின்னம்மா ஒரு நூல் மில்லில் இரண்டாம் ஷிப்டு முடித்துவிட்டு நடுராத்திரியில் தனியாக நடந்து வருவாள். அந்தக் கேள்வி கேட்கிற தெருவுக்குள் கால் வைத்த பிறகுதான் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்த கையைத் தளர்த்துவாள். "நாந்தான் மாமா" என்பாள். "வாத்தா, வெரசாப் போயிப் படு" என்று குரல் வரும். ஒரே கேள்விதான். வழிப்போக்கருக்கு அது பயமாக இருந்தது, அவளுக்கு அது வீடு வந்து சேர்ந்ததாக இருந்தது.

இதையெல்லாம் சொல்வதால் செல்லூரில் ரத்தம் சிந்தவே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிந்தியது. வேலை இல்லாத பையன்கள், மீட்டர் வட்டி, சாராயம், கட்சிக் கொடி, பழிக்குப் பழி எல்லாம் இருந்தன. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒருவன் இருபது வயதைத் தாண்டவில்லை. எங்கள் தெரு கேட்ட கேள்வி எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒலித்தது என்றும் சொல்ல மாட்டேன். எந்தத் தெருவுக்குள் யார் உட்கார்ந்து பேசலாம் என்பதில் ஜாதிக்கு ஒரு கணக்கு இருந்தது, அந்தக் கணக்கைப் பிள்ளைகள் நாங்களும் தெரிந்தே வைத்திருந்தோம். ஆனால் நூறு வீட்டில் இரண்டு வீட்டுக் கதையை எடுத்து நூறு வீட்டுக்கும் முகமாக ஒட்டுவது நியாயம் இல்லை. 2000-க்குப் பிறகு தமிழ் சினிமா மதுரையைக் கண்டெடுத்தது. அரிவாளும் டாடா சுமோவும் இல்லாமல் ஒரு மதுரைப் படம் இல்லை என்றானது. 2008-இல் சசிகுமார் எடுத்த 'சுப்பிரமணியபுரம்' நல்ல படம், அதை நானும் கண் கலங்கத்தான் பார்த்தேன். அந்தப் படம் வந்த பிறகு சுப்பிரமணியபுரத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகிற இடத்தில் என்னென்ன கேள்விகளைச் சந்தித்தார்களோ என்ற நினைப்பும் கூடவே வந்தது. உழைக்கிற ஜனங்கள் இருக்கிற ஏரியாவின் பெயர் சினிமாவுக்கு வரும்போது உழைப்பைத் தவிர மற்றதெல்லாம் வருகிறது. ஒரு படத்திலாவது ஒரு தறி முழுதாக ஓடி நான் பார்க்கவில்லை.

பிறகு இன்னொரு விதமாகவும் எங்கள் பெயர் ஊர் சுற்றியது. 2017 ஏப்ரலில், அப்போதைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் கே. ராஜூ வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார். காற்றில் அவை கரை ஒதுங்கின. நாடே சிரித்தது. அந்தத் திட்டத்துக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் சிரித்தவர்கள் வாயில் எங்கள் ஊர்ப்பெயரும் கிடந்து மெல்லப்பட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அந்த அணைத் தண்ணீருக்காக ராத்திரி ஒரு மணிக்கு, இரண்டு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்தே தூங்கிய பெண்கள் செல்லூரில்தான் இருக்கிறார்கள். மதுரைக்கான குடிதண்ணீர் வைகை அணையிலிருந்து வருகிறது. அணை வற்றினால் முதலில் வறண்டது எங்கள் தெருக்குழாய். தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவை எழுப்ப, குடத்தைத் தட்டிக்கொண்டே ஒரு அத்தாச்சி கோடிவரை ஓடுவாள். அவள் முதலில் தன் குடத்தை நிரப்பிக்கொண்டு பிறகு எழுப்பியிருக்கலாம். அப்படிச் செய்ததில்லை.

தண்ணீர் இல்லாமலும் கஷ்டப்பட்டோம், இருந்தும் கஷ்டப்பட்டோம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் குழித்தறிக்காரனுக்கு வயிறு கலங்கும். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கண்மாய். நடுவில் தரையைத் தோண்டி உட்கார்ந்திருக்கிறோம். மழை வலுத்தால் குழிக்குள் ஊற்று எடுக்கும். அப்பா சிரட்டையால் இறைத்து ஊற்றிவிட்டு, சாக்கை மடித்துப் போட்டு, ஈரத்தில் காலை வைத்து நெய்வார். அதற்கு மேல் தண்ணீர் ஏறினால் வேலை இல்லை, கூலி இல்லை. தீபாவளியை ஒட்டி இப்படி ஆகிவிட்டால் அந்த வருஷத் தீபாவளி எங்களுக்குக் கார்த்திகை கழித்துத்தான் வரும். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து அப்பா மிதியில் கால் வைக்க முடியாமல் கிடந்த நாட்களும் உண்டு.

கண்மாய் மட்டும் அப்போது கண்மாயாக இருந்தது. கரையில் மாடு மேய்ந்தது, உள்ளே அயிரை பிடித்தோம், நீந்தினோம். இன்று அது ஆகாயத்தாமரையும் சாக்கடையும் நிறைந்து கிடக்கிறது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்த பேய்மழையில் செல்லூர்ப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. கட்டபொம்மன் நகரிலிருந்து ஒருவர் பீரோ மேல் பிள்ளைகளை உட்கார வைத்த படத்தைக் கைபேசியில் அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு சிமெண்டுக் கால்வாய் கட்ட அரசு 11.9 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 மே மாதக் கடைசியில் முதல்வர் மதுரைக்கு வந்தபோது, அவர் போகும் வழியில் செல்லூர்ப் பக்கத்துப் பந்தல்குடி கால்வாயைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். அது செய்தியானதும் முதல்வரே வந்து கால்வாயைப் பார்த்துவிட்டுப் போனார். துணி நெய்த ஊரில், ஊரின் அழுக்கை மறைக்கத் துணி கட்டியது எனக்குப் பல நாள் ஆறவில்லை. அந்தக் கால்வாயோரத்து வீட்டுப் பெண்கள் என்ன கேட்டார்கள்? தூர் வாரச் சொன்னார்கள், கொசு மருந்து அடிக்கச் சொன்னார்கள். மறைக்கச் சொன்னதே இல்லை.

சந்தோஷத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செல்லூரில் பையனாகப் பிறந்தவன் ஒரு தடவையாவது கபடிக் களத்தில் மண்ணைத் தின்றிருப்பான். ஆற்று மணலில் கோடு கிழித்து ஆடினோம். தறியில் நாளெல்லாம் மிதித்த காலுக்கு இருக்கிற பிடி வேறு யாருக்கும் வராது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று செல்லூர் ரவுண்டானாவில் கபடி வீரர்கள் சிலையாக நிற்கிறார்கள். மதுரையில் எத்தனையோ தலைவர்களுக்குச் சிலை உண்டு. உடம்பெல்லாம் மண்ணாக விளையாடிய பிள்ளைகளுக்கு ஒரு முச்சந்தி கிடைத்தது செல்லூரில்தான். அந்தப் பக்கம் போகிற ஒவ்வொரு தரமும் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.

சித்திரைத் திருவிழா வந்தால் குலமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சனம் எங்கள் தெருக்களின் வழியே ஆற்றுக்கு இறங்கும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள் ராத்திரியே வந்துவிடுவார்கள். சொம்பில் சர்க்கரையும் கையில் பிள்ளையுமாக வந்தவர்கள் யார் வீட்டுத் திண்ணை என்று பாராமல் தலையைச் சாய்ப்பார்கள். அன்றைக்குத் தறி ஓடாது. அப்பா குழியின் மேல் பலகை போட்டு மூடி, அதிலும் நாலு பேரைப் படுக்க வைப்பார். விடியற்காலையில் பானகமும் நீர்மோரும் தெருவே சேர்ந்து கொடுக்கும். செல்லூர் என்றால் பயப்பட வேண்டும் என்பதை நகரத்துக்காரர்கள் யாரும் அந்தக் கிராமத்து ஆத்தாக்களுக்குச் சொல்லவில்லை போலும். நகையோடும் தூங்கும் பிள்ளைகளோடும் எங்கள் வாசலில் நிம்மதியாகப் படுத்திருந்துவிட்டுப் போனார்கள். ஆவணி மூலத்துக்கு எதிர்க்கரையில், ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் சுவாமி மண் சுமப்பார். வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கித் தின்று, வேலை செய்யாமல் படுத்து, பிரம்படி பட்ட சிவனின் கதையை அப்பத்தா சொல்லும்போது, அது பக்கத்துத் தெருவில் நடந்த கூலித் தகராறு மாதிரியே இருக்கும். "சாமிக்கே கூலிய ஒழுங்காக் குடுக்கல பாரு" என்பாள் அவள், நிஜமான வருத்தத்தோடு.

பருத்திப்பாலை விட்டுவிட்டேன். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சி, தள்ளுவண்டியில் ஆவி பறக்கக் கொண்டுவருவார்கள். பருத்தியின் நூல் எங்கள் தறியில், கொட்டை எங்கள் தொண்டையில். பாவு ஓட்டிக் களைத்தவர்கள் அந்த வண்டியைச் சுற்றி நின்று ஊதி ஊதிக் குடிப்பார்கள். இப்போதும் மதுரையில் கிடைக்கிறது. நானும் வாங்கிக் குடிக்கிறேன்.

எப்படிப் போயிற்று இதெல்லாம்? ஒரே நாளில் போகவில்லை. 1985-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு 22 ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது. பிறகு அந்தப் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. பட்டியலில் இருந்ததையும் விசைத்தறி நெய்தது, கேட்பார் இல்லை. அப்பா ஒரு நாளில் நெய்ததை விசைத்தறி ஒரு மணி நேரத்தில் தள்ளிவிடும். 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த பொங்கல் வேட்டி சேலைத் திட்டம் நெசவாளிக்குச் சில மாத வேலை தந்தது. அப்பா அதை நன்றியோடு நினைப்பார். ஆனால் வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம். நூல் விலை ஏறிக்கொண்டே போனது, கூலி ஏறவில்லை. சொசைட்டியில் நூல் வர நாளாகும். முதலாளியிடம் போனால் முன்பணத்தில் மாட்ட வேண்டும். எங்களுக்கு மூத்த பிள்ளைகள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். போனவர்கள் தீபாவளிக்கு வரும்போது நல்ல சட்டை போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து அடுத்தவர்கள் போனார்கள். விசைத்தறிக் கூடங்கள் வந்தன. அவற்றின் சத்தத்தில் கைத்தறிகளின் நடை கேட்காமல் போயிற்று. ஒரு தறி நின்றால் இனி யாருக்கும் தெரியாது. செல்லூர் போனது அந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். தறிகள் விறகாவதற்கு வெகு முன்னாலேயே.

எங்கள் தறியை அப்பாதான் பிரித்தார். யாரையும் தொட விடவில்லை. கட்டைகளைத் துடைத்து, கயிற்றால் கட்டி, அச்சையும் நாடாவையும் தனியாகத் துணியில் சுற்றிவைத்தார். குழியை மூட இரண்டு வண்டி மண் வேண்டியிருந்தது. மேலே சிமெண்டு பூசியதும் அந்த அறை இவ்வளவு பெரிதா என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டோம். முதல் தடவையாக வீட்டுக்குள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட இடம் இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டோம். கதவைச் சாத்தினோம். தெருவில் மற்றவர்களும் அப்படியே, ஒவ்வொரு குழியாக மூடி, ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டார்கள். திண்ணையை இடித்து பைக் நிறுத்த இடம் பண்ணினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஈரக்குழியில் கால் அழுகியவர்களின் பிள்ளைகள் உலர்ந்த தரைக்கு ஆசைப்பட்டதில் என்ன தப்பு? நானும் படித்தேன், வேலைக்குப் போனேன், கடன் வாங்கி ஆனையூரில் வீடு கட்டினேன். அப்பா புதுவீட்டுக்கு வந்து அதிக நாள் இருக்கவில்லை. தத்தனேரி மயானத்துக்கு அவரை எடுத்துக்கொண்டு போனபோது செல்லூர்த் தெருவில் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள் அம்மா. விசைத்தறிக் கூடத்தில் தறிகளை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள்.

நாங்கள் இருக்கிற இந்தக் குடியிருப்பில் நல்ல மனிதர்கள்தான் இருக்கிறார்கள். வாசலில் காவலாளி நோட்டில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதி வாங்குகிறார். எல்லா வீட்டிலும் கேமரா இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் காய்ச்சலில் தனியாகக் கிடந்தது எங்களுக்கு அவர் மகள் வெளிநாட்டிலிருந்து போன் பண்ணிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அம்மா அதைக் கேட்டு ஒரு வாரம் தன்னையே வைதுகொண்டிருந்தாள். "இந்தச் செவுத்துக்கு அங்கிட்டுக் கெடந்துருக்காரு, ஒரு சத்தம் கேக்கலையே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வருகிறாள். அவர் முதலில் சங்கடப்பட்டார். இப்போது அம்மா போகிற நேரத்துக்குக் காப்பி போட்டு வைத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஆனால் அம்மா ஷேர் ஆட்டோ ஏறி செல்லூருக்குப் போய்விடுவாள். சீட்டுப் பணம் கட்டுவதற்கு என்பாள். கைபேசியிலேயே அனுப்பிவிடலாம் என்று என் மகள் சொல்லிப் பார்த்தாள். "காசு போயிரும்டீ, நான் எப்படிப் போறது?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினாள். ஆப்புடையார் கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு, மிச்சமிருக்கிற தெரிந்த வீடுகளில் எல்லாம் உட்கார்ந்து எழுந்து, இருட்டிய பிறகுதான் வருவாள். நான் வேலை விட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவேன்.

"கோடி வீட்டு அக்கா பேத்தி நர்சுக்குப் படிச்சு முடிச்சுருச்சாம். ஜி.எச்-ல வேலையாம்."

"சரி."

"பெரியப்பா வீட்ட வித்துட்டாய்ங்க. வாங்குனவன் மாடி கட்டுறான். குழியத் தோண்டுனா நாடா ஒண்ணு கெடச்சுருக்கு. குடுத்துவிட்டாங்கெ, பைக்குள்ள கெடக்கு பாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கால்வாய் வேல நடக்குது. பாதித் தெருவத் தோண்டிப் போட்டுருக்காய்ங்க. சுத்தித்தான் போனேன். அந்தத் தண்டவாளத்துப் பக்கத்து வீட்டுல, அதாம்ப்பா, ஒங்கப்பாவுக்குப் பாவு பிணைச்சுக் குடுப்பாருல்ல, அவரு மகென் என்னயப் பாத்துட்டு..."

அம்மா சொல்லிக்கொண்டே போகிறாள்.